சின்னத்தை மூடிவிட்டுப் பார்த்தால்

ஓர் இசைக்குழு தனக்கென்று ஒரு முகம் வேண்டும் என்று நினைத்தவுடன் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான். நல்ல லோகோ ஒன்றை வரைந்து வாங்குங்கள், இரண்டு நிறங்களையும் ஓர் எழுத்துருவையும் முடிவு செய்யுங்கள், சுவரொட்டி முதல் டி-ஷர்ட் வரை எல்லாவற்றிலும் அதையே போடுங்கள். இந்த யோசனையில் தவறில்லை. ஆனால் கடந்த அறுபது ஆண்டுகளில் பார்த்தவுடன் அடையாளம் தெரியும்படி நின்ற குழுக்களின் இசைத்தட்டு உறைகளையும் விளம்பரங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், சின்னத்தின் பங்கு நாம் எண்ணுவதைவிட மிகச் சிறியது என்று தெரியும். பெயரையும் சின்னத்தையும் கையால் மூடிவிட்டுப் பாருங்கள். அதன் பிறகும் அது யாருடையது என்று ஊகிக்க முடிந்தால்தான் அந்தக் குழுவுக்குக் காட்சி அடையாளம் இருக்கிறது என்று சொல்லலாம். இந்தச் சோதனையில் தேறும் குழுக்களிடையே பொதுவான நிறமோ பாணியோ கிடையாது. அவை எல்லாவற்றிலும் திரும்பத் திரும்பக் காணப்படுவது ஓர் ஏற்பாடு: படம் செய்பவர் குழுவின் உள்ளே இருக்கிறார், பல ஆண்டுகள் இருக்கிறார், வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் அவரிடம் இருக்கிறது. தோற்றத்தின் ஒருமை வரைபலகையில் பிறப்பதைவிட அதிகமாக இந்த ஏற்பாட்டில்தான் பிறக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு முதல் சான்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிலிருந்து வருகிறது. 1978ஆம் ஆண்டு மே மாதம், ஹியூம் பகுதியிலிருந்த ரஸ்ஸல் கிளப்பில் டோனி வில்சனும் ஆலன் எராஸ்மஸும் 'ஃபேக்டரி' என்ற பெயரில் இசை இரவுகளை நடத்தத் தொடங்கினார்கள். சுவரொட்டி செய்யும் வேலை மான்செஸ்டர் பாலிடெக்னிக்கில் வடிவமைப்புப் படித்துக்கொண்டிருந்த பீட்டர் சவிலுக்குப் போனது. காதுக்குப் பாதுகாப்பு அணியச் சொல்லும் தொழிற்சாலை எச்சரிக்கைப் பலகை ஒன்றை அவர் கல்லூரிக் கட்டடத்தில் பார்த்திருந்தார். அந்த மஞ்சளையும் கறுப்பையும், பலகையின் கறாரான கட்டமைப்பையும் அப்படியே எடுத்து நிகழ்ச்சிச் சுவரொட்டியாக்கினார். சுவரொட்டி உரிய நேரத்துக்கு வந்து சேரவில்லை. அறிவிப்பு என்ற அளவில் அது தோல்விதான். ஆனால் ஃபேக்டரி நிறுவனம் அமைந்தபோது சவில் அதன் பங்காளிகளில் ஒருவரானார், அந்தச் சுவரொட்டிக்கு 'ஃபேக் 1' என்ற எண் கிடைத்தது. ஓர் இசை நிறுவனத்தின் பட்டியலில் முதல் இடம் பாட்டுக்கு அல்லாமல் தாளில் அச்சிட்ட சுவரொட்டிக்குப் போனது என்பதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். அந்த நிறுவனத்தில் படத்துக்கும் பாட்டுக்கும் சமமான இருக்கை என்பது தொடக்கத்திலேயே முடிவாகிவிட்டது.

அந்த எண்வரிசை பின்னர் போன தூரம் வியப்பானது. இசைத்தட்டுகளோடு நிற்காமல் 1982இல் திறந்த ஹசியெண்டா நடன அரங்குக்கு 51 என்ற எண், அந்த அரங்கில் வளர்ந்த பூனைக்கு 191, தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்குக்கு 61, கடைசியில் 2007இல் வில்சன் இறந்தபோது அவருடைய சவப்பெட்டிக்கு 501 என்று நீண்டது. இதை வெறும் விளையாட்டு என்று ஒதுக்கிவிடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. நிறமும் எழுத்தும் படமும் ஒவ்வொரு முறையும் மாறினாலும், செய்யப்படும் ஒவ்வொரு பொருளும் ஒரே வரிசையைச் சேர்ந்தது என்ற உணர்வை அந்த எண்கள் காத்தன. ஹசியெண்டாவை வடிவமைத்தவர் பென் கெல்லி. வேறு கைதான், ஆனால் அந்த அரங்கின் தூண்களில் அவர் தீட்டிய எச்சரிக்கைக் கோடுகள் சவிலின் முதல் சுவரொட்டியோடு இயல்பாகப் பொருந்தின. தொழிற்சாலை என்ற எண்ணம் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததால் இது நடந்தது.

ஃபேக்டரி வெளியிட்ட ஜாய் டிவிஷன் குழுவின் முதல் நீள இசைத்தட்டான 'அன்னோன் ப்ளெஷர்ஸ்' 1979இல் வந்தது. அதன் உறையிலுள்ள அலைக்கோடுகள் துடிப்பு விண்மீன் ஒன்றிலிருந்து வந்த ரேடியோ அலைகளின் வரைபடம். வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றில் அச்சாகியிருந்தது. அதைக் கண்டெடுத்துக் கொடுத்தவர்கள் குழுவினர். வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகளாக இருந்ததைக் கறுப்பின்மேல் வெள்ளையாகத் திருப்பியவர் சவில். முகப்பில் குழுவின் பெயரும் இல்லை, இசைத்தட்டின் பெயரும் இல்லை. அடுத்த ஆண்டு வந்த 'க்ளோசர்' உறையில் இத்தாலியின் ஜெனோவா நகரக் கல்லறைத் தோட்டத்துச் சிற்பங்களின் புகைப்படம். பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே மாதம் இறந்தபின் எஞ்சியவர்கள் நியூ ஆர்டர் என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். 1983இல் வந்த 'பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்' உறையில் 1890இல் ஆன்றி ஃபான்தான்-லாத்தூர் தீட்டிய ரோஜாக்கூடை இருந்தது. விண்மீன் அலை, கல்லறை, ரோஜா. பொருளில் இவற்றுக்கு எந்த உறவும் இல்லை. ஆனாலும் மூன்றையும் ஒன்றாக வைத்தால் ஒரே வீட்டிலிருந்து வந்தவை என்று கண் சொல்லிவிடுகிறது. படம் எப்போதும் வேறோர் உலகிலிருந்து எடுக்கப்பட்டது, குழுவினரின் முகம் முகப்பில் இல்லை, எழுத்து மிகக் குறைவு, வெற்றிடம் தாராளம். மாறாமல் இருந்தவை இந்த மறுப்புகள்தான். எதைப் போடுவது என்பதைவிட எதைப் போடமாட்டோம் என்பதில் உறுதி இருந்தது.

அந்த உறுதி எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு அதே ஆண்டு மார்ச் மாதம் வந்த 'ப்ளூ மண்டே' சான்று. உறை கணினியின் ஃபிளாப்பி வட்டைப் போல வெட்டப்பட்டிருந்தது. பெயர்கள் எழுத்தில் இல்லை. ஓரத்தில் நிறக்கட்டங்களாக, ஒரு குறிமுறையில் இருந்தன. அதைப் படிக்க உதவும் நிறச்சக்கரம் 'பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்' உறையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டது. விற்பனை ஆலோசகர் எவரும் இதற்கு ஒப்புதல் தந்திருக்க மாட்டார். அந்தப் பாட்டு பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற பன்னிரண்டு அங்குல சிங்கிள் ஆயிற்று. உறைக்கு ஆன செலவு லாபத்தை விழுங்கியது என்ற கதை இன்றும் சொல்லப்படுகிறது. கணக்கு எப்படி இருந்தாலும், பெயர் இல்லாததால் அந்தப் பாட்டு வாங்குவோரிடம் போய்ச் சேராமல் நின்றுவிடவில்லை.

மான்செஸ்டரை விட்டு வெளியே வந்தாலும் இதே ஏற்பாடு தென்படுகிறது. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவுக்கு 1974இல் 'ஆட்டோபான்' உறையைத் தீட்டிய எமில் ஷுல்ட், கலைஞர் யோசப் பாய்ஸிடம் பயின்றவர். குழுவோடு சிறிது காலம் கிட்டார் வாசித்தவர், பாட்டு வரிகளிலும் பங்கெடுத்தவர். நியூயார்க்கின் ரமோன்ஸ் குழுவுக்கு அமெரிக்க ஜனாதிபதியின் முத்திரையை மாற்றிச் சின்னம் செய்த ஆர்ட்டுரோ வேகா, மேடை ஒளியமைப்பையும் டி-ஷர்ட் விற்பனையையும் ஆண்டுக்கணக்கில் கவனித்துக்கொண்டவர். ரேடியோஹெட் குழுவின் படங்களை 1994 முதல் செய்துவரும் ஸ்டான்லி டான்வுட், பாடகர் தாம் யார்க்கோடு எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தில் படித்த நண்பர். சில இடங்களில் படமும் பாட்டும் ஒரே ஆளிடமிருந்தே வந்தன. குயின் குழுவின் முத்திரையை வரைந்த ஃப்ரெடி மெர்க்குரி ஈலிங் கலைக் கல்லூரியில் வடிவமைப்புப் படித்தவர். துப்பாக்கிக் குறிவட்டத்துக்குள் ஒரு மனித நிழலை நிறுத்திப் பப்ளிக் எனிமி குழுவுக்குச் சின்னம் தந்த சக் டி, அடெல்ஃபை பல்கலைக்கழகத்தில் அதே துறையைப் படித்தவர். ஈழத்தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடத் தொடங்குமுன் லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் பயின்று ஸ்டென்சில் ஓவியங்கள் செய்துகொண்டிருந்தார். 2005இல் வந்த 'அருளர்' உறையிலும் 'கலாங்' பாட்டின் காணொளியிலும் அதே ஸ்டென்சில் உருவங்கள் இருப்பதற்கு எந்த விளம்பர நிறுவனமும் காரணமில்லை.

இந்த வரிசையில் நான் மிக உயர்வாக வைப்பது கலிஃபோர்னியாவின் பிளாக் ஃபிளாக் குழுவை. கிட்டார் வாசித்த கிரெக் கின்னின் தம்பி ரேமண்ட் பெட்டிபன்தான் அந்தப் பெயரைச் சொன்னார், சின்னத்தையும் வரைந்தார். நான்கு கறுப்புப் பட்டைகள், ஒன்றுக்கொன்று சற்று ஏறி இறங்கி, காற்றில் அசையும் கொடியைக் காட்டும். ஸ்ப்ரே பெயின்ட் டப்பா ஒன்று இருந்தால் அரை நிமிடத்தில் சுவரில் போட்டுவிடலாம். லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் ரசிகர்கள் போட்டார்கள், உடம்பில் பச்சை குத்திக்கொண்டார்கள். அதைவிட முக்கியமானவை கச்சேரித் துண்டறிக்கைகள். பெட்டிபன் மையால் வரைந்த கறுப்பு வெள்ளைச் சித்திரங்கள், அவற்றோடு ஓரிரு கைப்பட எழுதிய வரிகள், ஜெராக்ஸ் எந்திரத்தில் எடுத்த படிகள். அவர் கோட்டின் தடிமனும் நிழலின் கனமும் மலிவான படியெடுப்பில் சிதையாதவை. நிறம் அச்சிடப் பணமில்லாத குழுவுக்கு, நிறமே தேவைப்படாத ஓர் ஓவியர் வீட்டிலேயே இருந்தார். இதைத் தற்செயல் என்று கடந்துவிடக் கூடாது. மிக வசதியான தாளை மனத்தில் வைத்துத் திட்டமிட்ட அடையாளம் வசதி குறையும் ஒவ்வோர் இடத்திலும் உடைகிறது. மிக ஏழ்மையான தாளில் நிற்கும்படி செய்தது எங்கே போனாலும் நிற்கிறது. ஒருமை கெடுவதற்குப் பெரும்பாலான நேரங்களில் ரசனைக் குறைவு காரணமாக இருப்பதில்லை. கைக்குக் கிடைக்கும் அச்சகம், துணி, திரை ஆகியவற்றின் வேறுபாடுதான் காரணமாக இருக்கிறது.

இங்கே எழக்கூடிய வலுவான மறுப்பு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நாக்கு. 1970இல் லண்டன் ராயல் கலைக் கல்லூரி மாணவர் ஜான் பாஷ் ஐம்பது பவுண்டுக்கு வரைந்தது அது. மிக் ஜாக்கர் காளியின் படம் ஒன்றை முன்மாதிரியாகக் காட்டினார் என்பது நமக்கு ஆர்வமூட்டும் செய்தி. பாஷ் வெளியாள், கூலிக்கு வந்த மாணவர். ஆனாலும் அவர் வரைந்தது உலகில் எங்கும் அறியப்பட்ட சின்னமாயிற்று. மூல ஓவியத்தை 2008இல் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் வாங்கியது. அப்படியானால் ஒரு நல்ல சின்னம் போதாதா? போதும், ஸ்டோன்ஸ் போன்ற குழுவுக்கு. நாக்கு வரும்போது அவர்களுக்கு ஏழெட்டு ஆண்டுப் புகழ் இருந்தது. அதன் வேலை அறிமுகப்படுத்துவது அல்ல, ஏற்கனவே தெரிந்த ஒன்றை முத்திரையிடுவது. அதை மூடிவிட்டு அவர்களுடைய அடுத்தடுத்த உறைகளைப் பார்த்தால் அவற்றை ஒரே குழுவுக்குரியவை என்று சொல்ல வேறெதுவும் இல்லை. பீட்டில்ஸும் இதே பாடத்தைத் தருகிறார்கள். 'டி' எழுத்து கீழே நீண்டு இறங்கும் அவர்களுடைய பெயரெழுத்து 1963இல் லண்டன் டிரம் கடை ஒன்றில் டிரம்மின் முகப்புக்காக எழுதப்பட்டது. அறுபதுகளில் வந்த அவர்களுடைய பிரிட்டிஷ் இசைத்தட்டு உறைகள் அதைப் பயன்படுத்தவில்லை. கிரேட்ஃபுல் டெட் குழுவின் மின்னல் பாய்ந்த மண்டையோடு, கச்சேரி இடங்களில் தங்கள் கருவிப் பெட்டிகளை மற்றவர்களுடையதிலிருந்து பிரித்தறியப் போட்ட குறியாகத் தொடங்கியது. சின்னம் பிரித்தறிய உதவுகிறது, சரக்கு விற்க உதவுகிறது. ஒரு குழு எதைக் குறித்து நிற்கிறது என்பதை அது தனியாகச் சொல்லிவிடாது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஜாய் டிவிஷனின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது. ஃபேக்டரிக்கு வருமுன், 1978இல், அவர்கள் தாங்களே வெளியிட்ட 'ஆன் ஐடியல் ஃபார் லிவிங்' என்ற சிறு தட்டின் உறையைக் கிட்டார் கலைஞர் பெர்னார்ட் சம்னர் வடிவமைத்தார். அதில் டிரம் அடிக்கும் ஹிட்லர் இளைஞர் படைச் சிறுவன் ஒருவனின் படம் இருந்தது. குழுவின் பெயரே நாஜி முகாம்களில் அடிமைப்படுத்தப்பட்ட பெண்களைக் குறிக்கும் சொல்லாக இருந்ததால், நாஜிப் பற்றாளர்கள் என்ற சந்தேகம் அவர்களை நெடுநாள் தொடர்ந்தது. பன்னிரண்டு அங்குல மறுவெளியீட்டில் படத்தை மாற்ற வேண்டி வந்தது. சம்னர் உள்ளாள்தான், அசைவூட்டப் படநிறுவனத்தில் வேலை பார்த்தவர், எனவே கைத்திறன் இல்லாதவரும் அல்ல. உள்ளே இருப்பது மட்டும் போதாது என்பதை இது நிறுவுகிறது, ஏற்றுக்கொள்கிறேன். அன்று அங்கே இல்லாதது, தெருவில் போகிற ஒருவர் இதை எப்படிப் புரிந்துகொள்வார் என்று கேட்கும் இரண்டாவது ஆள். அடுத்த ஆண்டு அதே சம்னரும் நண்பர்களும் விண்மீன் வரைபடத்தைக் கொண்டுவந்தபோது, அதை வாங்கி எடைபோட்டு மாற்ற ஒருவர் இருந்தார். குழு பொருளைத் தருகிறது, வடிவமைப்பாளர் விதியைத் தருகிறார். இரண்டும் ஒரே அறையில் நடந்தபோது வேலை சிறந்தது.

ஒரே தோற்றம் இசையைச் சிறைப்படுத்தும் என்று இசைக் கலைஞர்கள் அஞ்சுவதும் உண்டு. குறிப்பிட்ட படத்தையோ நிறத்தையோ பிடித்துத் தொங்கினால் அந்த அச்சம் நியாயம்தான். ஆனால் ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' உறையின் வெளிறிய நெடுஞ்சாலைக்கும், 2000இல் வந்த 'கிட் ஏ' உறையின் பனிமலைகளுக்கும் நடுவே எவ்வளவு தொலைவு! 'கிட் ஏ'க்கு வழக்கமான பாட்டுக் காணொளிகளைத் தவிர்த்து, கோணல் சிரிப்புக் கரடியும் மலைகளும் வரும் சில நொடித் துணுக்குகளை விளம்பரமாக வெளியிட்டார்கள். உறை, துணுக்கு, இணையதளம் எல்லாம் ஒரே உலகம். அடுத்த இசைத்தட்டுக்கு வேறு உலகம். கை ஒன்றாக இருந்ததால் ஒவ்வொரு மாற்றமும் வளர்ச்சியாகத் தெரிந்தது. எம்.ஐ.ஏ. 2007இல் 'கலா' இசைத்தட்டுக்குக் கண்ணைக் கூசவைக்கும் வண்ணங்களுக்குப் போனபோதும் ஸ்டென்சில் காலத்து முரட்டுத்தனம் தொடர்ந்தது.

நட்பை நம்பிய ஏற்பாடு நட்போடு முறியும் என்ற எச்சரிக்கைக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. பெட்டிபனுக்கும் அண்ணனுக்கும் எண்பதுகளின் நடுவில் விரிசல் விழுந்தது. அதில் அவருடைய ஓவியங்களைப் பயன்படுத்திய விதமும் ஒரு காரணம். பிறகு அவர் அருங்காட்சியகங்கள் தேடி வாங்கும் ஓவியரானார். சின்னத்தின் உரிமை யாருக்கு, படத்துக்குக் கூலி எவ்வளவு, பிரிந்தால் என்ன ஆகும் என்பவற்றைத் தொடக்கத்திலேயே எழுதிவைக்காத குழுக்கள் பின்னால் அதற்கு விலை கொடுத்திருக்கின்றன. உள்ளே சேர்த்துக்கொள்வது என்றால் கூலியில்லாமல் வேலை வாங்குவது என்று பொருளல்ல. சவில் பங்காளியாக இருந்தார் என்பது இந்த இடத்தில் மிக முக்கியம்.

தமிழ்நாட்டில் இந்த வாதத்துக்கு மிகப் பொருத்தமான சான்று 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கிய இந்தக் குழு 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடத்தியது. கானாப் பாடகர்கள், பறை வாசிப்பவர்கள், ராப் பாடுபவர்கள் என்று வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த பத்தொன்பது பேர், ஒரே மாதிரி சாம்பல் நிறக் கோட்டும் சூட்டுமாக மேடையேறினார்கள். இந்த மண்ணில் அந்த உடையைப் பார்ப்பவர் அம்பேத்கரை நினைக்காமல் இருக்க முடியாது. சாவு வீட்டோடும் தெரு முனையோடும் கட்டிவைக்கப்பட்ட இசைக்கு, விழா மேடையின் கண்ணியத்தை அந்த ஒரு முடிவு கொடுத்தது. எந்தக் கோணத்தில் யார் புகைப்படம் எடுத்தாலும், எந்த நாளிதழ் எந்தத் தாளில் அச்சிட்டாலும், மேலே பெயர் இல்லாவிட்டாலும் அது அந்தக் குழுதான். இரஞ்சித் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவர் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்றைய குழுவுக்குச் சிக்கல் கூடியிருக்கிறது. விரல்நுனி அளவு சதுரமாகக் கைப்பேசியில் தெரிய வேண்டும், செங்குத்துக் காணொளியாக ஓட வேண்டும், இருபதடி ஃபிளெக்ஸாகத் தொங்க வேண்டும், ஒற்றை நிறத்தில் துணியில் பதிய வேண்டும். விழா நடத்துபவர் தன் வடிவமைப்பாளரிடமும், கல்லூரிக்காரர் தன் மாணவரிடமும் கொடுத்து ஆளுக்கொரு சுவரொட்டி செய்கிறார்கள். நாற்பது பக்க வழிகாட்டிக் கோப்பை அனுப்பினால் அவர்களில் ஒருவரும் திறக்கமாட்டார். தொலைபேசியில் சொல்லி முடிக்கும் அளவுக்குச் சிறிய விதியும், அனுப்பிய சுவரொட்டியைப் பார்த்து இது வேண்டாம், மாற்றுங்கள் என்று சொல்லும் ஓர் ஆளும் இருந்தால் காரியம் நடக்கும். ஆகவே புதிதாகத் தொடங்கும் குழுக்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: லோகோவுக்குப் பணம் ஒதுக்குமுன், உங்கள் ஒத்திகைகளுக்கு வந்து உட்காரக்கூடிய ஒரு வடிவமைப்பாளரைத் தேடிப்பிடியுங்கள். கச்சேரி வருமானத்தில் அவருக்கும் ஒரு பங்கு எழுதுங்கள், கலைஞர்களின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயரையும் சேருங்கள்.